தானே முடிவெடுக்கும் இயந்திரங்களும் பாதுகாப்பும்

மனிதர் ஒவ்வொரு கணமும் கட்டளையிடாமலேயே சுற்றுப்புறத்தை உணர்ந்து, முடிவெடுத்து, அந்த முடிவைச் செயல்படுத்தும் இயந்திரங்களைத் தன்னாட்சி அமைப்புகள் என்கிறோம். ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில், நிலவில் இறங்கும் லேண்டர், விமானத்தின் ஆட்டோபைலட், சாலையில் தானே ஓடும் கார் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. அளவிலும் வேலையிலும் எவ்வளவு வேறுபட்டாலும் இவை இயங்கும் முறை ஒன்றே. கேமரா, ரேடார், அழுத்தமானி போன்ற உணரிகள் தகவலைத் திரட்டுகின்றன. கணினி அதைக் கொண்டு நிலைமையைக் கணித்து, அடுத்த செயலைத் தீர்மானிக்கிறது. மோட்டாரும் பிரேக்கும் எஞ்சினும் அதை நிறைவேற்றுகின்றன. அதன் விளைவை உணரிகள் மறுபடி அளக்கின்றன. இந்தச் சுழற்சி நொடிக்குப் பல முறை நடக்கிறது.

சில வேலைகளை இப்படித்தான் செய்ய முடியும். நிலவு பூமியிலிருந்து சராசரியாக 3,84,000 கி.மீ. தொலைவில் உள்ளது. ரேடியோ அலை அங்கே போய்ச் சேர 1.3 நொடி ஆகும். பதில் திரும்பிவர இன்னொரு 1.3 நொடி. நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் நிலவை நோக்கி இறங்கும் கலத்தைப் பூமியில் உட்கார்ந்து ஓட்ட இயலாது. வேறு சில வேலைகளில் மனிதரின் களைப்பும் கவனச்சிதறலும் விபத்தில் முடிவதால் பொறுப்பு இயந்திரத்தின் கைக்கு மாறுகிறது. எந்தக் காரணத்தால் மாறினாலும், எந்த ஆதாரத்தின் பேரில் அந்த இயந்திரத்தை நம்புவது என்ற கேள்வி உடன் வருகிறது.

இயந்திரம் ஒருவருக்கும் தீங்கு விளைவிக்காமல் இயங்குவது பாதுகாப்பு. அப்படித்தான் இயங்கும் என்று பிறர் ஏற்கும்படி சான்று காட்ட முடிவது நம்பகம். முதலாவது வடிவமைப்பாளரின் பொறுப்பு. இரண்டாவதற்கு வடிவமைப்பாளரின் வாக்கு மட்டும் போதாது. வெளியே உள்ளவர்கள் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். இந்த அத்தியாயம் முதலில் இத்தகைய அமைப்புகள் எப்படித் தவறுகின்றன என்பதையும், பிறகு அந்தத் தவறுகளிலிருந்து உருவான காப்பு முறைகளையும் விவரிக்கிறது.

எதுவும் பழுதாகாமல் நேரும் விபத்து

ஒரு பாகம் கெட்டுப்போனால்தான் விபத்து நேரும் என்ற எண்ணம் பரவலானது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தில் நடந்தது அதற்கு மாறானது. ஐரோப்பாவின் புதிய ராக்கெட்டான ஏரியான் 5 தனது முதல் பயணத்தில், ஏறத்தாழ 40 நொடிகளில் திசை மாறி வெடித்துச் சிதறியது. அதன் எஞ்சின்கள் நன்றாகவே இயங்கின. கணினிகளிலும் வன்பொருள் கோளாறு எதுவும் இல்லை.

ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணித்துச் சொல்லும் சாதனத்தின் மென்பொருள், முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்துப் பயன்படுத்தப்பட்டிருந்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் வடிவுக்கு மாற்றும் வேலை அதில் இருந்தது. 16 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. ஏரியான் 4இன் பாதையில் அந்த எண் இந்த எல்லையைத் தாண்டாது என்று கணக்கிட்டு, அந்த இடத்தில் தடுப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். ஏரியான் 5 புறப்பட்டவுடன் கிடைமட்டமாக அதிக வேகம் பிடிக்கும் ராக்கெட். எண் எல்லையைத் தாண்டியது. சாதனம் வடிவமைக்கப்பட்டபடியே தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது சாதனத்திலும் அதே மென்பொருள்தான் ஓடியது. அது சற்று முன்பே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. நின்ற சாதனம் அனுப்பிய பிழைக்குறிப்பைப் பயணத் தகவல் என்று முதன்மைக் கணினி எடுத்துக்கொண்டு, ராக்கெட்டின் முனைக்குழல்களை முழுவதுமாகத் திருப்பிவிட்டது. கிடைமட்ட வேகத்தைக் கணக்கிட்ட அந்தப் பகுதிக்கு, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பின் ஏரியான் 5இல் எந்த வேலையும் கிடையாது.

ஒரு சூழலில் சரியாக இருந்த அனுமானம் வேறொரு சூழலுக்கு இடம்பெயர்ந்ததே இந்த விபத்தின் வேர். எனவே பாதுகாப்பை ஒரு பாகத்தின் குணமாகக் கருத முடியாது. அந்தப் பாகம் எந்த அமைப்பில், எந்தச் சூழலில் இயங்குகிறது என்பதோடு சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

ஒற்றை உணரியை நம்புவது

2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் இந்தோனேசியக் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் அதே ரக விமானம் தரையில் மோதி 157 பேர் இறந்தனர். இரண்டிலும் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியது எம்காஸ் என்ற தானியங்கி மென்பொருள்.

இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையே உள்ள கோணம் அளவுக்கு மீறினால் விமானம் தூக்குவிசையை இழக்கும். அந்த நிலை வராமல், வால்பகுதியின் கிடைமட்டத் தகட்டைத் திருப்பி மூக்கைத் தாழ்த்துவதே எம்காஸின் வேலை. விமானத்தில் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தன. எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. அந்த ஒன்று தவறான கோணத்தைச் சொன்னபோது, மென்பொருள் அதை நம்பி மூக்கைத் தாழ்த்தியது. விமானிகள் தூக்கினார்கள், அது மறுபடி தாழ்த்தியது. முதல் விபத்துக்கு முன் எம்காஸ் என்ற ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை.

உலகெங்கும் தரையிறக்கி வைக்கப்பட்ட இந்த விமானங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2020 நவம்பரில் மீண்டும் அனுமதி தந்தது. அதற்குள் செய்யப்பட்ட திருத்தங்கள் எளியவை. மென்பொருள் இரண்டு உணரிகளையும் ஒப்பிடும். இரண்டுக்கும் இடையே 5.5 பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தால் எம்காஸ் தலையிடாது. கோணம் மிகும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரே ஒருமுறைதான் அது செயல்படும். விமானி தன் கைவிசையால் சமாளிக்க முடியாத அளவுக்கு மூக்கைத் தாழ்த்த அதற்கு அதிகாரம் இல்லை. உணரிகளை ஒன்றோடொன்று சரிபார்ப்பது, இயந்திரத்தின் அதிகாரத்துக்கு வரம்பு வைப்பது, இயக்குபவரிடம் எதையும் மறைக்காதிருப்பது ஆகிய மூன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்கள்.

பார்ப்பதும் புரிந்துகொள்வதும்

விமான மென்பொருள் பெரும்பாலும் அழுத்தம், கோணம், வேகம் போன்ற அளவுகளைக் கையாளுகிறது. சாலையில் ஓடும் கார் அதற்கு மேலும் ஒன்றைச் செய்தாக வேண்டும். எதிரே தெரிவது என்ன, அது அடுத்து எங்கே நகரும் என்று ஊகிக்க வேண்டும். இந்த ஊகம் பல்லாயிரம் படங்களைக் காட்டிப் பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலைப்பின்னல் மென்பொருளிடமிருந்து வருகிறது.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரச் சாலையில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கி கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மீது மோதியது. அவர் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கை, மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்பே கார் அவரைக் கண்டுவிட்டதைக் காட்டியது. காரின் வேகம் அப்போது மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ.; இடைவெளி நூறு மீட்டருக்கு மேல். உலர்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் அதில் பாதித் தூரம்கூட நிற்கத் தேவைப்படாது.

ஆனால் கார் தான் கண்டது இன்னதென்று முடிவு செய்ய முடியாமல் தடுமாறியது. ஒரு கணம் வாகனம் என்றது. மறுகணம் இனம் தெரியாத பொருள் என்றது. பிறகு சைக்கிள் என்றது. வகை மாறிய ஒவ்வொரு முறையும், அந்தப் பொருள் அதுவரை நகர்ந்த பாதையின் பதிவை மென்பொருள் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. எனவே அவர் சாலையின் குறுக்கே நகர்ந்து வருகிறார் என்ற முடிவுக்கு அதனால் வர இயலவில்லை. கடக்கும் இடமென்று குறிக்கப்படாத இடத்தில் ஒருவர் நடந்து வரக்கூடும் என்பதே வடிவமைப்பில் இடம்பெறவில்லை. மோதல் உறுதி என்று 1.2 நொடிக்கு முன் கணித்தபோது, தேவையற்ற திடீர் பிரேக்குகளைத் தவிர்ப்பதற்காக வைத்திருந்த ஒரு நொடித் தாமதம் குறுக்கே நின்றது. காரின் உற்பத்தியாளர் பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதி, தானியங்கி முறையில் ஓடும்போது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்த்தப்பட்டவரின் பார்வை கைபேசியில் இருந்தது.

தனித்தனியே பார்த்தால் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்ததால் உயிர் போயிற்று. பெரும்பாலான தன்னாட்சி விபத்துகளின் வடிவம் இதுவே.

பயிற்சியால் கற்கும் மென்பொருளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘நில்’ என்ற சாலைப் பலகையில் சில கறுப்பு வெள்ளை ஒட்டுத்துண்டுகளைக் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டினார்கள். பார்க்கும் மனிதருக்கு அது நில் பலகையாகவே தெரிந்தது. அவர்கள் சோதித்த பட அறிதல் மென்பொருள் அதை வேக வரம்புப் பலகை என்று படித்தது. அத்தகைய மென்பொருள் மனிதர் பார்க்கும் அதே அடையாளங்களைக் கொண்டு பொருளை அறிவதில்லை. ஆகவே அது எங்கே தவறும் என்பதை மனித அனுபவத்தைக் கொண்டு ஊகிக்க முடியாது.

மனிதரிடம் ஒப்படைக்கும் கணம்

இயந்திரத்தால் முடியாவிட்டால் மனிதர் பார்த்துக்கொள்வார் என்பது வடிவமைப்பாளர்களின் வழக்கமான சமாதானம். பிரிட்டன் உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதிலுள்ள முரணைச் சுட்டிக்காட்டியது. எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு, கடினமானவையும் அரிதானவையும் மட்டும் மனிதருக்கு மிஞ்சுகின்றன. அன்றாடப் பழக்கம் விட்டுப்போன மனிதர், மிக மோசமான கணத்தில், நிலைமை இன்னதென்றே தெரியாமல் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் அதற்கு எடுத்துக்காட்டு. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிப்படிகம் அடைத்து, அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. ஆட்டோபைலட் தன்னை விடுவித்துக்கொண்டு விமானத்தை விமானிகளிடம் கொடுத்தது. அடைப்பு சிறிது நேரத்தில் நீங்கியபோதும், விமானம் தூக்குவிசையை இழந்து விழுகிறது என்பது விமானிகளுக்குப் பிடிபடவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேரும் இறந்தனர்.

இயந்திரமும் மனிதரும் முரண்படும்போது யார் சொல்வதைக் கேட்பது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கின. மோதல் தவிர்ப்புக் கருவி ஒரு விமானத்தை மேலேறவும் மற்றதைக் கீழிறங்கவும் சொன்னது. மேலேற வேண்டிய விமானத்துக்குத் தரைக் கட்டுப்பாட்டாளர் கீழிறங்கக் கட்டளையிட்டார். அவர்கள் மனிதர் சொன்னதைக் கேட்டார்கள். இரண்டும் ஒருசேரக் கீழிறங்கி மோதின. 71 பேர் இறந்தனர். இத்தகைய முரணில் கருவியின் கட்டளையே மேலானது என்று சர்வதேச விதி அதன்பின் தெளிவாக்கப்பட்டது. எம்காஸ் விஷயத்தில் மனிதரின் கை ஓங்க வேண்டியிருந்தது. இங்கே இயந்திரத்தின் கை. எது சரி என்பதை அந்தந்தச் சூழலில் யாரிடம் நல்ல தகவல் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

தானியங்கி கார்களுக்கான ஐ.நா.வின் 157ஆம் விதி இந்தக் கைமாற்றத்துக்குக் கால வரையறை தருகிறது. ஓட்டுநரைப் பொறுப்பேற்கச் சொல்லும் கார், பொதுவாகக் குறைந்தது 10 நொடி காத்திருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் தானே வேகம் குறைத்து நிற்க வேண்டும்.

தோல்வியிலிருந்து தொடங்கும் வடிவமைப்பு

இந்த விபத்துகளிலிருந்து உருவான முதல் காப்பு முறை, வேலை எப்படி நடக்கும் என்று மட்டும் பார்க்காமல், எப்படியெல்லாம் கெடும் என்று தொடக்கத்திலேயே பட்டியலிடுவது. ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, அது எவ்வாறு பழுதாகும், பழுதானால் என்ன விளையும், பழுது எப்படித் தெரியவரும், தெரிந்தவுடன் என்ன செய்வது என்று எழுதுவது பழைய முறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் நான்சி லெவிசன் வளர்த்தெடுத்த முறை, பாகங்களுக்குப் பதிலாகக் கட்டளைகளை ஆராய்கிறது. ஒரு கட்டளை தேவையான நேரத்தில் வராமல் போகலாம். தேவையற்ற நேரத்தில் வரலாம். முந்தியோ பிந்தியோ வரலாம். உரிய நேரத்துக்கு முன்பே நின்றுவிடலாம் அல்லது அளவுக்கு மீறி நீடிக்கலாம். பாகம் எதுவும் பழுதாகாத ஏரியான் 5 போன்ற விபத்துகள் இந்த வலையில் சிக்கும்.

இந்தியாவின் இரு நிலவுத் தரையிறக்கங்கள் இந்த அணுகுமுறையின் பயனை அருகருகே காட்டுகின்றன. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2இன் விக்ரம் லேண்டர் இறங்கத் தொடங்கியது. 30 கி.மீ. உயரத்திலிருந்து 7.4 கி.மீ. வரை எல்லாம் திட்டப்படி நடந்து, வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது. அடுத்த கட்டத்தில் வேகக் குறைப்பு திட்டத்தை மீறிப் போய், லேண்டர் தரையில் மோதியது. இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பின்னர் விளக்கிய காரணங்கள் மூன்று. ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்யக் கலம் மிக விரைவாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு விரைவை எதிர்பாராத மென்பொருள் திரும்பும் வேகத்துக்கு வரம்பு வைத்திருந்தது. இறங்க வேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று சிறியதாக இருந்ததால், அதை எட்டிப்பிடிக்கக் கலம் முயன்றது.

சந்திரயான் 3இல் எது நடந்தால் எல்லாம் கெடும் என்ற கேள்வியிலிருந்து வேலை தொடங்கியது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். நடு எஞ்சின் நீக்கப்பட்டு எஞ்சின்கள் நான்காயின. கூடுதல் எரிபொருள் ஏற்றப்பட்டது. தரையைப் பொறுத்த வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்க்கப்பட்டது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரை தொடுவதற்காக வடிவமைத்திருந்த கால்கள், 3 மீட்டர் வேகத்தையும் தாங்கும்படி பலப்படுத்தப்பட்டன. இறங்குமிடம் 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமுமாக விரிவாக்கப்பட்டது. உணரிகளை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டும், எஞ்சினோடு கூடிய மாதிரியை கிரேனில் தொங்கவிட்டு இயக்கியும், கால்களைச் செயற்கை நிலவு மண்ணில் விழச்செய்தும் சோதித்தார்கள். நிலவு மண்ணுக்கு நெருக்கமான அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. சந்திரயான் 2 காலத்திலேயே அதைப் பொடித்துச் சோதனைத் தளம் அமைத்திருந்தார்கள். உணரிகள் அனைத்தும் பழுதானாலும், எஞ்சின்களில் இரண்டு இயங்காவிட்டாலும் லேண்டர் இறங்க வழி செய்யப்பட்டிருப்பதாக சோமநாத் முன்கூட்டியே அறிவித்தார். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு அது பத்திரமாகத் தரையிறங்கியது.

மாற்று ஏற்பாடுகளும் அவற்றின் எல்லையும்

ஒன்று கெட்டால் மற்றொன்று என்று பாகங்களை இரட்டிப்பது பழைய வழி. ஏரியான் 5 காட்டியபடி, ஒரே மென்பொருளை இரண்டு கணினிகளில் ஓட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் விழும். எனவே மாற்று ஏற்பாடு வேறு வகையினதாக இருக்க வேண்டும். 1988இல் பயணிகள் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தில், விமானியின் கட்டளையை இறக்கைக்கும் வாலுக்கும் கொண்டுசெல்வது கணினிகளே. அவற்றில் இரண்டு வகை உண்டு. தயாரித்தவர்கள் வேறு, உள்ளே உள்ள செயலி வேறு, மென்பொருள் எழுதிய குழு வேறு. ஒவ்வொரு கணினிக்குள்ளும் கட்டளையிடும் பாதி ஒன்று, அதைக் கண்காணிக்கும் பாதி ஒன்று.

இதற்கும் எல்லை உண்டு. 1986இல் ஜான் நைட்டும் நான்சி லெவிசனும் வெளியிட்ட சோதனையில், 27 பேர் ஒருவரோடொருவர் தொடர்பின்றி ஒரே தேவைக்கு 27 நிரல்கள் எழுதினார்கள். பத்து லட்சம் முறை அவற்றை ஓட்டிப் பார்த்தபோது, தற்செயலாக நேரக்கூடியதைவிட மிக அதிகமான முறை பல நிரல்கள் ஒரே உள்ளீட்டில் தவறின. கணக்கின் கடினமான இடம் எல்லோருக்கும் கடினமாகவே இருந்தது. வேறு வேறு கைகள் எழுதியதால் மட்டும் தவறுகளும் வேறாகிவிடும் என்று கருத முடியாது.

காவல் மென்பொருளும் நிற்கும் வழியும்

நரம்பு வலைப்பின்னல் போன்ற சிக்கலான மென்பொருளை முழுவதும் சரிபார்ப்பது இன்றைய நிலையில் இயலாத காரியம். அதற்குப் பொறியாளர்கள் கண்ட மாற்று, அதன் மேலே எளிய காவல் மென்பொருள் ஒன்றை அமர்த்துவது. சிக்கலான பகுதி வண்டியை ஓட்டும். எளிய பகுதி எல்லையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லை மீறப்படும் என்று தெரிந்தவுடன் அது கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும். எளியது என்பதால் அதை முழுமையாகச் சோதித்துச் சான்றளிக்க முடியும்.

அமெரிக்க விமானப்படையின் எஃப்-16 போர் விமானங்களில் 2014 முதல் பொருத்தப்பட்ட தரைமோதல் தவிர்ப்பு மென்பொருள் இந்த வகையைச் சேர்ந்தது. தீங்கு செய்யாதே, விமானியின் வேலையில் குறுக்கிடாதே, மோதலைத் தவிர் என்ற மூன்று விதிகள் அதே முன்னுரிமை வரிசையில் அதற்கு வகுக்கப்பட்டன. எந்த விமானியும் தானாகத் தப்ப முடியாத கடைசி நொடிவரை அது காத்திருக்கும். வேகச் சுழற்சியின் அழுத்தத்தால் மயங்கிய விமானியை அது மீட்ட காட்சி ஒளிப்பதிவாகவே உள்ளது. வீணாகக் குறுக்கிடாததால் விமானிகள் அதை அணைத்து வைக்க முயலவில்லை. பாதுகாப்புக் கருவிக்கு இது முக்கியமான தகுதி. அடிக்கடி பொய்யெச்சரிக்கை தரும் கருவியை ஜனங்கள் விரைவில் அணைத்துவிடுவார்கள்.

இந்திய ரயில்வேயின் ‘கவச்’ இதே தத்துவத்தில் இயங்குகிறது. ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போனாலோ, வேக வரம்பை மீறினாலோ அது தானே பிரேக் பிடிக்கும். சர்வதேசப் பாதுகாப்பு அளவுகோலின் மிக உயர்ந்த நான்காம் நிலைச் சான்று பெற்ற அமைப்பு அது. ஒரு மணி நேர இயக்கத்தில் ஆபத்தான பழுது நேரும் வாய்ப்பு 10 கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அந்த நிலையின் பொருள்.

சந்தேகம் வந்தால் நின்றுவிடுவது ரயிலுக்குப் பெரும்பாலும் பொருந்தும். பறக்கும் விமானத்துக்குப் பொருந்தாது. பழுதோடும் பறந்தே ஆக வேண்டும். சாலையில் எங்கே, எப்படி நிற்பது என்பதே சிக்கலானது. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த ஒருவர் க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரற்ற கார் முன் விழுந்தார். மோதி நின்ற கார், பிறகு ஓரங்கட்டி நிறுத்துவதே பாதுகாப்பு என்று தீர்மானித்து நகர்ந்தது. கீழே சிக்கியிருந்தவரை ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் சென்றது. ஓரங்கட்டுவது பெரும்பாலான நேரங்களில் சரியான முடிவே. அந்த நேரத்தில் அசையாமல் நிற்பதே சரியாக இருந்திருக்கும்.

நிரூபணமும் சோதனையும்

ஒரு மென்பொருள் சரியாக இயங்கும் என்று காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கணித நிரூபணம். 1998 அக்டோபரில் திறக்கப்பட்ட பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் வழித்தடம் தொடக்கம் முதலே ஓட்டுநர் இல்லாதது. அதன் பாதுகாப்பு மென்பொருள் ‘பி’ முறை என்ற கணித முறையில் எழுதப்பட்டது. இரு ரயில்கள் ஒரே இடத்துக்கு வரக்கூடாது என்பது போன்ற தேவைகளைக் கணிதக் கூற்றுகளாக எழுதி, நிரல் அவற்றை ஒருபோதும் மீறாது என்று படிப்படியாக நிரூபித்தார்கள். நிரூபணத்துக்குப் பின் நடந்த சோதனைகளில் அந்தப் பகுதியில் பிழை தென்படவில்லை. ஆனால் நிரல் அதன் தேவைப் பட்டியலுக்குப் பொருந்துகிறது என்பதை மட்டுமே நிரூபணம் சொல்லும். தேவைப் பட்டியலே தவறாக இருந்தால், தவறு பிசகின்றி நிறைவேறும். தண்டவாளமும் சுரங்கமும் தடுப்புக் கதவும் சூழலைக் கட்டுப்படுத்துவதால் மெட்ரோவுக்கு இந்த முறை பொருந்துகிறது. நகரச் சாலையில் நடக்கக்கூடிய எல்லாவற்றையும் கணிதக் கூற்றாக எழுத முடியாது.

மற்றது ஓட்டிப் பார்ப்பது. இதன் எல்லையை அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. அந்நாட்டில் அப்போது 10 கோடி மைலுக்கு 1.09 சாலை மரணம். தானியங்கி கார் அதைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், ஒரு மரணமும் இல்லாமல் 27.5 கோடி மைல், அதாவது ஏறத்தாழ 44 கோடி கி.மீ. ஓடிக் காட்ட வேண்டும். 100 கார்கள் இரவு பகலாக, ஆண்டு முழுதும், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடினால் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். இடையில் மென்பொருளை மாற்றினால், பழைய கிலோமீட்டர்கள் புதிய மென்பொருளுக்கு எந்த அளவு பொருந்தும் என்ற கேள்வி எழும்.

எனவே எந்த ஒரு வழியும் தனித்துப் போதாது. சிறிய முக்கியப் பகுதிக்கு நிரூபணம், அரிய சூழல்களுக்குக் கணினி ஒப்புருவாக்கம், கட்டுப்படுத்திய தளத்தில் சோதனை, சிறிது சிறிதாக விரியும் சாலை அனுபவம் என்று எல்லாம் சேர வேண்டும். எந்தச் சாலை, எந்த வானிலை, எந்த வேகம் என்ற இயக்க எல்லையை வரையறுத்து, அதற்கு வெளியே இயந்திரம் இயங்க மறுக்கும்படி செய்வது இதில் மிகவும் பயனுள்ள ஏற்பாடு.

நம்பிக்கைக்கான சான்று

இந்தச் சான்றுகளையெல்லாம் தொகுத்து வழக்குரைபோல எழுதும் ஆவணம் பல துறைகளில் கட்டாயமாகிவருகிறது. இந்த அமைப்பு இந்தச் சூழலில் பாதுகாப்பானது என்பது அதன் வாதம். ஒவ்வொரு வாதத்துக்கும் கீழே சோதனை முடிவோ நிரூபணமோ அனுபவப் பதிவோ சான்றாக நிற்க வேண்டும். தயாரித்தவரோடு தொடர்பில்லாத ஒருவர் அதில் ஓட்டை தேடிப் படிக்க வேண்டும்.

விபத்துக்குப் பின் உண்மை வெளிவருவதும் இதே அளவு முக்கியம். விமானத் துறை பாதுகாப்பில் முன்னேறியதற்கு ஒரு பெரிய காரணம் சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு. விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, யார் மீது பழி என்று தீர்ப்பளிப்பது அன்று என்று அது வரையறுக்கிறது. பதிவுக் கருவிகள் கட்டாயம், அறிக்கைகள் வெளியாகின்றன, ஒரு நாட்டின் பாடம் எல்லா நாட்டுக்கும் போய்ச் சேருகிறது. இதற்கு எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்பதை க்ரூஸ் நிறுவனம் காட்டியது. காருக்கு அடியில் ஒருவர் இழுத்துச் செல்லப்பட்ட விவரத்தை முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டிய கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை, மூன்று வாரங்களில் அதன் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ஓட்டுநரற்ற வாடகைக் கார் முயற்சியையே கைவிட்டது.

நம்பிக்கை கூடிப்போவதும் ஆபத்து, குறைந்துபோவதும் ஆபத்து. கூடினால் கண்காணிக்க வேண்டியவர் கைபேசியைப் பார்ப்பார். குறைந்தால் உயிர்காக்கும் கருவியை அணைத்து வைப்பார். சான்று எவ்வளவு உள்ளதோ நம்பிக்கையும் அவ்வளவே இருக்க வேண்டும். அந்த அளவை மக்கள் அறிய, இயந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

தவறவே தவறாத இயந்திரம் கிடையாது. எங்கே தவறும் என்று முன்பே ஆராய்ந்து, தவறும்போதும் உயிர் போகாதபடி ஏற்பாடு செய்து, அந்த ஏற்பாட்டுக்கான சான்றைப் பிறர் சோதிக்கத் திறந்து வைத்தவரின் இயந்திரமே நம்பத்தக்கது. அந்தச் சான்று இல்லாதவரை ஓட்டுநர் இருக்கையைக் காலியாக விட அனுமதிக்கக் கூடாது.